பூசணிக்காய் என்றால் நிஜம்

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் வீட்டைச் சொல்லிவிட வேண்டும். வீடு மனதில் நின்றுவிட்டால் மற்றவை தானாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. கீழே பட்டறை. கடைகளுக்கான இரும்பு ஷட்டர்களை ஷட்டர்காரர் அங்கேதான் செய்வார். தகட்டைப் பட்டைகளாக வளைப்பது, பட்டையோடு பட்டையைக் கோப்பது, உருளையில் ஸ்பிரிங் ஏற்றி முறுக்குவது எல்லாம் அங்கேயே. நடு மாடியில் அவரும் மனைவியும் ஒரே மகளும். மேல் மாடியில் அவருடைய அக்கா, தனிக்கட்டை. அந்த அம்மாள் உணவகங்களுக்குப் பூண்டு உரித்துக் கொடுப்பவள். காலையில் ஒரு மூட்டை வந்து இறங்கும்; சாயங்காலம் வெள்ளை வெளேரென்று டப்பாக்களில் திரும்பிப் போகும். தெருவுக்கே அவள் பூண்டு அத்தை. தம்பி மகள் குட்டையாகவும் துடுக்காகவும் வளர்ந்ததைப் பார்த்து அவளுக்கு மிளகு என்று பெயர் வைத்ததும் அவள்தான். பள்ளிக்கூட வாத்தியார்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

மாடிப்படி வெளிப்பக்கம். சுவர்கள் ஒற்றைச் செங்கல். கீழே தும்மினால் மேலே கேட்கும். ஆகவே ஷட்டர்காரர் மனைவியை அடிக்கும்போது ஒவ்வோர் அடியும் பூண்டு அத்தைக்குக் கேட்கும். கேட்க ஆரம்பித்ததும் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்க் காலி வாளியில் குழாயைத் திறந்துவிடுவாள். வாளி நிறைவதற்குள் பெரும்பாலும் கீழே அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் இன்னொரு வாளி.

அடுத்து, அவர் கையைச் சொல்ல வேண்டும். வாலிப வயதிலிருந்து கிரைண்டர் பிடித்த கை அது. அந்த அதிர்வு விரல்களுக்குள் இறங்கி இறங்கி உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரல் நுனிகள் வெளுத்துப்போகும். கொதிக்கிற டீ தம்ளரை மற்றவர்கள் துணி சுற்றிப் பிடிப்பார்கள். அவர் வெறுங்கையால் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்பதே அவரிடம் இல்லாமல் போய்விட்டது. எல்லாம் காதுதான். ஷட்டர் பட்டையை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். சத்தத்தை வைத்து எங்கே தளர்ந்திருக்கிறது, எங்கே இறுகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். 

வீட்டிலும் அப்படித்தான். அடித்தால் சத்தம் வர வேண்டும். வந்துவிட்டால் ஆயிற்று. கையை உதறிக்கொண்டு, "சோத்தைப் போடு" என்று உட்கார்ந்துவிடுவார்.

கோடை தொடங்கியபோது ஒரு கடைக்காரர் ஷட்டர் பாதியில் சிக்குகிறது என்று நாலு பேர் நடுவில் வைத்துச் சத்தம் போட்டுவிட்டார். அன்று மேலே வந்தவரிடம் மனைவி, "விடுங்க, நாளைக்குப் போய்ச் சரி பண்ணிக் குடுத்திட்டு வந்திடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இடது காதோடு சேர்த்து விழுந்தது. மறுநாள் தலையணையில் ரத்தமும் நீரும். கதவு காற்றில் அடித்துவிட்டது என்று அவள் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே, "இது ஆறும். ஆனா அந்தக் கதவு கிட்ட சொல்லி வைங்க. இன்னொரு அடி இந்தப் பக்கம் விழுந்தா இந்தக் காது போயிடும்மா" என்றார்.

காது போனால் வேலையும் போகும். அவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் செலுத்துகிறவள். உருளை சுழல்வதற்கு முன் இடது பக்கம் ஒரு மணி அடிக்கும்; அடித்ததும் கையை எடுத்துவிட வேண்டும். மணி கேட்காதவளை அங்கே யாரும் நிற்க வைக்க மாட்டார்கள். வைத்தால் கை இருக்காது.

மிளகு டாக்டர் அறையில் கூடவே நின்றிருந்தாள். திரும்பி வரும்போது அம்மாவின் இடது பக்கமே நடந்துவந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் கலைக்கூடத்து ஆட்கள் பள்ளிக்கு வந்தார்கள்.

கலைக்கூடம் என்பது பழைய ஐஸ் தொழிற்சாலை. மூடிக் கிடந்ததை வெள்ளையடித்து மேடை கட்டி, பாட்டு, நாடகம், ஓவியம் என்று நடத்திவந்தார்கள். பக்கத்துப் பள்ளிகளோடு அவர்களுக்கு ஒரு கூட்டுத் திட்டம். தொழில்முறைக் கலைஞர் ஒருவர் வாரந்தோறும் ஒரு வகுப்புக்கு வருவார். பருவ முடிவில் பிள்ளைகள் தாங்கள் செய்ததைக் கலைக்கூடத்து மேடையில் பெற்றோருக்குக் காட்டுவார்கள். என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. மிளகு வகுப்பு ஏகமனதாகச் சண்டை வேண்டும் என்றது. வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார். கலைக்கூடம் அசரவில்லை. தண்ணீர்க் குழாயடியில் நடக்கிற தெருச்சண்டை என்று நாடகத்தைப் பிள்ளைகளை வைத்தே எழுதவைத்து, மேடையில் சண்டை அமைத்துக் கொடுக்கிற பெண் ஒருத்தியை அனுப்பியது. மூக்கு ஒருமுறை உடைந்து கோணலாகக் கூடியவள். கட்டைக் குரல். முதல் நாளே பிள்ளைகள் அவளுக்குச் சண்டை டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"டீச்சர், மூக்கு சண்டைல உடைஞ்சதா?" என்று கேட்டான் தூண். வகுப்பிலேயே உயரமானவன், அதனால் அந்தப் பெயர்.

"இல்லடா. பஸ் கம்பில இடிச்சுக்கிட்டேன். சண்டைல எனக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்ல. ஏன்னு சொல்றேன், இங்க வா. என்னை அறை."

தூண் நெளிந்தான். வகுப்பு கூச்சல் போட்டது. அவன் கையை ஓங்கி வீச, பளாரென்று சத்தம் கேட்டது. டீச்சர் முகம் திரும்பி, மேசைமேல் விழுந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினாள். தூண் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"நான் தொடவே இல்ல டீச்சர்! சத்தியமா தொடல!"

அவள் எழுந்து சிரித்தாள். "தொடலைதான். உன் கை என் மூஞ்சிக்கு இவ்வளவு தள்ளிப் போச்சு. அப்ப சத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

மிளகு மட்டும் முன்னால் சாய்ந்து, "நீங்க கை தட்டுனீங்க. வயித்துக்கிட்ட வெச்சு. அவன் உடம்பு மறைச்சுக்கிச்சு" என்றாள்.

"கண்ணா இது, பூதக்கண்ணாடியா? அதேதான். சத்தம் அடிக்கறவன்கிட்ட இல்ல, அடி வாங்கறவகிட்ட இருக்கு. முடியைப் புடிச்சு இழுக்கறான்னா, அவன் சும்மா முஷ்டியை மடக்கி உன் தலைமேல வைக்கிறான். நீ ரெண்டு கையாலயும் அவன் மணிக்கட்டைப் புடிச்சு உன் தலையோட அமுக்கிக்கிட்டு, நீயேதான் நகர்ற. பாக்கறவனுக்கு அவன் இழுக்கற மாதிரி தெரியும். மேடையில அடி வாங்கறவதான் எஜமான். எப்ப விழணும், எப்ப முடியணும்னு அவதான் சொல்லணும்."

கடைசியாக ஒரு நிறுத்தச் சொல் வேண்டும் என்றாள். நிஜமாகவே யாருக்காவது அடிபட்டுவிட்டால் கத்த வேண்டிய சொல். "'ஐயோ' கூடாது, 'விடு' கூடாது, 'போதும்' கூடாது. அதெல்லாம் நாடகத்துலயே வருது, நடிக்கிறீங்கன்னு நினைச்சிடுவாங்க. சண்டைல எவனும் சொல்லவே மாட்டான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பூசணிக்காய்!" என்றான் பின்வரிசைக்காரன் ஒருவன். வகுப்பு உருண்டு உருண்டு சிரித்தது.

"எழுதிக்கங்க. பூசணிக்காய்னு கேட்டா எல்லாரும் கையைக் கீழ போடணும், பின்னாடி போகணும், தரையில உட்காரணும். யார் சொன்னாலும் சரி. ஏன்னு கேக்கக் கூடாது."

வீட்டில் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தாள். சத்தம் வரும், அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள் என்றும் சொல்லியிருந்தாள். மிளகு நேரே மேல் மாடிக்கு ஓடினாள்.

"அத்தை, இனிமே கீழ சத்தம் கேட்டா பயப்படாதீங்க. நாடக ஒத்திகை."

"உங்க வீட்ல தனியா ஒத்திகை வேறயாடி? தினமும் மேடையேறிக்கிட்டுத்தானே இருக்கு" என்றாள் பூண்டு அத்தை, தோலை ஊதிக்கொண்டே.

"ஐயோ, அம்மானு கத்துவோம். விடு, போதும்னு எல்லாம் சொல்லுவோம். எல்லாம் பொய். பூசணிக்காய்னு சொன்னா மட்டும்தான் நிஜம்."

"என்ன காய்?"

"பூசணிக்காய்."

அத்தை மூக்கில் பூண்டுத் தோல் ஒட்டியிருக்கச் சிரித்தாள். சிரித்தவள் சற்றுக் கழித்து, "உங்கம்மா காது எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பூண்டை எடுத்தாள்.

அன்றிலிருந்து சலவைக்கூடத்திலிருந்து அம்மா வந்ததும், அப்பா பட்டறையிலிருந்து ஏறி வருவதற்கு முன், சமையலறையில் பாடம் நடந்தது. உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கும். ஜன்னலில் ஒரு பொட்டுக் காற்று இருக்காது. 

"அம்மா, கண்ணை மூடாத. மூடினா எப்ப வருதுன்னு எப்படித் தெரியும்?"

"தானா மூடிக்குதுடி."

"மேடையில அடிக்கறவன் முன்னாடியே கண்ணால சொல்லுவான். அப்பா சொல்ல மாட்டார். ஆனா நான் பாத்திருக்கேன், அவர் அடிக்கறதுக்கு முன்னாடி வலது தோள் மேல ஏறும். அதான் உனக்குக் கண்ணு. தோள் ஏறினதும் தலை கையோட சேந்து திரும்பணும். எதிர்த்துத் திரும்பாத. கூடவே போ. கை இங்க, வயித்துக்கிட்ட. தட்டு."

அம்மா தட்டினாள். நமுத்த அப்பளம் நொறுங்கியதுபோல் கேட்டது.

"சலவைத் துணி உதறுற கைதானே இது? நல்லா தட்டும்மா."

இரண்டாம் முறை பளீரென்றது. இருவரும் சிரித்துவிட்டார்கள். அம்மா சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்கப்பாவுக்குத் தெரியாமயா போகும்? அடிக்கிற கை அவரோடதாச்சே."

"தெரியாது. அவருக்குக் கைல ஒண்ணும் தெரியாதும்மா. காதுலதான் தெரியும்."

அம்மா மகளை ஒரு மாதிரி பார்த்தாள். இவ்வளவையும் இந்தப் பெண் எப்போது பார்த்துவைத்தாள் என்று நினைத்திருக்கலாம். பிறகு நிறுத்தச் சொல்லைக் கேட்டதும் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. "அடி வாங்கறப்ப யாருக்குடி பூசணிக்காய் ஞாபகம் வரும்?"

முதல் தடவை பலித்தது. சட்டைப் பொத்தான் ஒன்று இல்லை என்று தொடங்கியது அது. தோள் ஏறியது. அவள் தலை கையோடு போனது. விரல்நுனிகள் தாடையை உரசிக்கொண்டு போயின. சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவள் அலமாரியில் மோதிச் சரிந்தாள். ஷட்டர்காரர் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தார். மேலே குழாய் திறக்கவே இல்லை. ஒத்திகை என்று அத்தை நினைத்துக்கொண்டாள்.

பிறகு பல தடவை. எல்லாமே பொய்யாகிவிடவில்லை. முழங்கால் உதை உதைதான். சுவரோடு சேர்த்துத் தள்ளியது தள்ளியதுதான். முதுகில் ஸ்பேனர் எறிந்த நாளில் எந்த வித்தையும் உதவவில்லை. ஆனால் இடது காது பிழைத்துக் கிடந்தது. சலவைக்கூடத்து மணி ஒவ்வொரு நாளும் தெளிவாகக் கேட்டது. அவள் அதைக் கேட்கும்போதெல்லாம் மகள் வகுப்பில் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வாள்.

நாடகத்துக்கு முந்தைய நாள் கலைக்கூடத்து மண்டபத்தில் முழு ஒத்திகை. வெளியே மழை வருவதுபோல் இறுக்கிக்கொண்டிருந்தது. மண்டபத்தின் பின்பக்க ஷட்டர் இறங்க மறுத்தது. மேடைச் சாமான்கள் ஏற்றி இறக்குகிற பெரிய ஷட்டர். மறுநாளைக்குள் சரியாக வேண்டும். கலைக்கூடத்துக் காவலாளி, பக்கத்தில் கைதேர்ந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்று ஷட்டர்காரரைக் கூட்டிவந்தார். அவர் ஏணிமேல் உருளைப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். மகள் இங்கேதான் நடிக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். என்ன நடிக்கிறாள் என்று அவர் கேட்டதில்லை.

மேடையில் குடம் உருண்டது. தூண் மிளகின் முடியைப் பிடித்தான். அவள் அலறிக்கொண்டே மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை இழுபட்டாள். அவன் ஓங்கி ஓர் அறை விட்டான். பளார். அவள் சுருண்டு விழுந்தாள். அவன் காலைத் தூக்கினான்.

ஏணி சரிந்த சத்தம் முதலில் கேட்டது. ஷட்டர்காரர் மேடையில் இருந்தார்.

"எவன்டா என் பொண்ணு மேல கை வெக்கறது?"

தூணின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வாயில் ஒரு குத்து. பையன் மல்லாந்தான். சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். அவர் குனிந்து இன்னொரு குத்து விட்டார். அப்போதுதான் தூணின் முன்பல் மேடைப் பலகையில் உருண்டது.

"பூசணிக்காய்!" என்று கத்தினாள் சண்டை டீச்சர்.

பிள்ளைகள் அத்தனை பேரும் கைகளைக் கீழே போட்டார்கள், பின்னால் போனார்கள், உட்கார்ந்தார்கள். மிளகும் உட்கார்ந்தாள். மண்டபத்தில் நின்றுகொண்டு அடித்தவர் அவர் ஒருவர்தான். டீச்சரும் காவலாளியும் சேர்ந்து இழுத்துப் பிரித்தார்கள்.

"விடுங்க! என் பொண்ணை நாய் மாதிரி அடிக்கிறான், பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!"

"சார், அவன் தொடல. அடியே விழல சார்."

"எனக்குக் காது கேக்குது!"

டீச்சர் தூணின் வாயில் துணியை அழுத்திக்கொண்டு, மூச்சு வாங்க, அவரை எப்படியாவது அடக்கிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில், "சத்தம் அடி வாங்கறவங்ககிட்டேருந்து வருது சார். பாருங்க, என்னை அடிங்க. சும்மா வீசுங்க" என்றாள். அவர் வீசவில்லை. அவளே அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தன் முகத்துக்கு முன்னால் மெல்ல இழுத்துவிட்டு, தலையை அதோடு திருப்பி, இன்னொரு கையால் தன் தொடையில் தட்டினாள். பளார்.

"அவ்வளவுதான். கண்ணுக்கும் காதுக்கும்தான் அடி. உடம்புக்கு இல்ல."

ஷட்டர்காரர் அசையாமல் நின்றார். தன் கையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மிளகு அவர் முகத்தில் அது மெதுவாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சேறு கலங்கிப் பிறகு தெளிகிற மாதிரி.

அவர் தன் கருவிப் பெட்டியைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனார்.

"டீச்சர்," என்றாள் மிளகு. "அவருக்கு ஏன் காட்டினீங்க?"

"என்னடா கண்ணு?"

"எங்க வீட்ல அம்மா அப்படித்தான் தட்டறாங்க."

சண்டை டீச்சருக்கு அது புரிந்தபோது மிளகு வாசலைத் தாண்டியிருந்தாள். டீச்சர் கையில் தூணின் ரத்தம். அவனை விட்டுவிட்டு ஓட முடியாது. "யாராவது வாங்க! இவனைப் புடிங்க!" என்று அவள் கத்திக்கொண்டிருந்தது வெளியே கேட்டது.

தெருவெல்லாம் புழுக்கம். முதல் மழைத்துளிகள் புழுதியில் குழி போட்டுக்கொண்டிருந்தன. மிளகு ஓடிவந்தபோது பட்டறை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கீழே அம்மாவின் செருப்பு தெரிந்தது.

"அம்மா, வெளிய வா!"

"உள்ள வா," என்றார் அப்பா. "உனக்காகத்தான் நிக்கறோம்." அவள் தயங்கியதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். ஷட்டர் தடதடவென்று தரைவரை இறங்கியது. உள் தாழ் விழுந்தது.

ஒற்றை பல்பு. இரும்புத் தூள், கிரீஸ், வெல்டிங் புகை. சுவரோரம் கோத்து முடித்த பட்டைகள் அடுக்கியிருந்தன. சலவைக்கூடத்திலிருந்து வந்த கோலத்திலேயே அம்மா நின்றிருந்தாள். எதற்குக் கூப்பிட்டார் என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. மகள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"ரெண்டு பேரும் நல்லா நடிக்கிறீங்களாமே," என்றார் அவர். கத்தவில்லை. "எனக்கும் காட்டுங்க. நீ அடி, அவ வாங்கட்டும்."

"அப்பா, வேணாம்ப்பா."

"அடிடி!"

மிளகு கையை வீசினாள். அம்மா தலையைத் திருப்பினாள். தட்டப் போன கைகள் ஒன்றையொன்று தவறவிட்டன. சத்தம் வரவில்லை.

"என்ன, வரல? எனக்கு மட்டும் நல்லா வந்துச்சே. இத்தனை நாளும் என்னை உக்காரவெச்சுக் கை தட்டியிருக்கீங்க. ஆத்தாளும் மகளும் கூடிக் கூடிச் சிரிச்சிருப்பீங்க."

"சிரிக்கலங்க. காதுக்காகத்தான். டாக்டர் சொன்னார்ல…"

அவர் அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் தன் ஒரு கையில் சேர்த்துப் பிடித்தார். ஸ்பிரிங் முறுக்குகிற கை. "இப்ப தட்டு பாக்கலாம்," என்றார்.

தோள் ஏறியது. அவள் பார்த்தாள், கூடவே போக இடமில்லை. இடது பக்கம் விழுந்தது. அவ்வளவு பெரிய அடிக்குச் சத்தம் சின்னதாகத்தான் வந்தது. ஈரத் துணி விழுந்ததுபோல. அது அவரை இன்னும் வெறியேற்றியது. மறுபடி அடித்தார். மறுபடியும்.

"விடுங்க! ஐயோ, விடுங்க! போதும்!"

மிளகு பாய்ந்து அவர் கையைக் கடித்தாள். பற்கள் இறங்கின, வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடிபடுவது அவருக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை கையை ஓங்கும்போது ஏதோ தொங்குகிறது என்று உதறினார். அவள் போய்ப் பட்டைகளின் அடுக்கில் விழுந்தாள். அடுக்கு அவள்மேல் சரிந்தது. மூச்சு நின்றுவிட்டது, வாயைத் திறந்து திறந்து மூடினாள், ஒலி வரவில்லை.

மேல் மாடியில் பூண்டு அத்தைக்கு எல்லாம் கேட்டது. தகடு சரிந்ததும் கேட்டது. நாளைக்கு நாடகம், இன்றைக்குப் பட்டறையிலேயே மேடை போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். "போதும்" என்று கேட்டபோது, பரவாயில்லையே, தம்பி பொண்டாட்டியும் நன்றாகத்தான் நடிக்கிறாள் என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் கத்தியைக் கீழே வைத்தாள். பழக்கம்தான். எழுந்து போய்க் குழாயில் கைவைத்தாள்.

கீழே ஷட்டர்காரர் மனைவியை முடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். அவள் இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தன் தலையோடு அமுக்கினாள். பாடம் கைக்கு ஞாபகம் இருந்தது. காதிலிருந்து சூடாக ஏதோ கழுத்தில் இறங்கியது. பட்டைகளுக்கு அடியில் மகள் வாயைத் திறந்து மூடுவது தெரிந்தது. எந்தச் சொல்லுக்கு அந்த வாய் முயல்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"பூசணிக்காய்!"

ஷட்டர்காரர் ஒரு கணம் நின்றார். பைத்தியம் பிடித்துவிட்டதா என்பதுபோல் பார்த்தார்.

"பூசணிக்காய்! அண்ணி! பூசணிக்காய்!"

மேலே குழாய் திறக்கவில்லை.

வெளிப் படியில் தடதடவென்று இறங்கி வருகிற காலடி கேட்டது. ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பி எப்போதும் வாசலில் சாத்தியிருக்கும். அதை எடுத்துப் பூண்டு அத்தை ஷட்டரை அடித்தாள். மழையில் நனைந்துகொண்டு, முந்தானையெல்லாம் பூண்டுத் தோலோடு, தெருவே அதிர அடித்தாள். "திற! திறடா!" எதிர்த்த பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் ஓடிவந்தார். டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியவர்கள் வந்தார்கள்.

தாழ் விலகியது. ஷட்டர் இடுப்பு உயரம் ஏறியது. உள்ளே ஒரு கை மனைவியின் முடியைப் பிடித்தபடியே இருக்க, ஷட்டர்காரர் குனிந்து வெளியே தலை நீட்டி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நாளைக்கு நாடகம்ல, ஒத்திகை பாக்கறோம்" என்றார்.

சைக்கிள் கடைக்காரர், "அட, அவ்வளவுதானா" என்று திரும்பப் போனார்.

"நில்லுங்க," என்றாள் பூண்டு அத்தை. கம்பியை அடியில் கொடுத்து நெம்பினாள். சைக்கிள் கடைக்காரரும் கைகொடுத்தார். ஷட்டர்காரர் எண்ணெய் போட்டு வளர்த்த சொந்த ஷட்டர், ஒரு முனகல் இல்லாமல் மேலே ஏறியது. பல்பு வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது.

"அந்த வார்த்தை சொன்னா நிஜம்னு உன் பொண்ணு எனக்குச் சொல்லியிருக்கா," என்றாள் அத்தை. "கையைக் கீழ போடு. பின்னாடி போ. உக்காரு."

"இது எங்க வீட்டு விஷயம்க்கா. நீ மேல போ."

"இத்தனை வருஷம் நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுக் குழாயைத் திறந்தேன். கையைக் கீழ போடுடா தம்பி."

அவர் இடது கை மனைவியின் முடியை விடவில்லை. வலது தோள் ஏறியது.

அத்தை கம்பியை இரண்டு கையாலும் ஓங்கி அந்த வலது மணிக்கட்டில் இறக்கினாள். ஷட்டர்காரருக்கு வலி தெரியவில்லை. ஆனால் சத்தம் கேட்டது. காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம். எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்போல் சுற்றிலும் பார்த்தார். பிறகு தன் கை புதிதாக ஓர் இடத்தில் மடிந்து தொங்குவதைப் பார்த்தார். அப்படியே பின்னால் போய், தரையில் உட்கார்ந்தார்.

ஆட்கள் பட்டைகளைத் தூக்க, மிளகு தவழ்ந்து வெளியே வந்தாள். ஆட்டோ ஒன்று வந்து நின்றது. சண்டை டீச்சர் இறங்கி ஓடிவந்தாள். சட்டையில் தூணின் ரத்தம் இன்னும் காயவில்லை. பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "நான் காட்டியிருக்கக் கூடாது," என்றாள். அத்தைதான், "பேசிக்கிட்டு நிக்காதம்மா, ஏத்து" என்றாள்.

ஆட்டோவில் மிளகு அம்மாவின் இடது பக்கம் உட்கார்ந்தாள். அழுத்திப் பிடித்த துணி சிவந்துகொண்டே வந்தது. மழை தகரக் கூரையில் கொட்டியது. மிளகு ஏதோ சொன்னாள். அம்மா திரும்பவில்லை. மறுபடி சொன்னாள். அம்மா முன்னால் பார்த்தபடியே இருந்தாள்.

மிளகு எழுந்து, ஓடுகிற வண்டிக்குள் தடுமாறி, அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தாள்.

"நான் கத்துனது வெளிய கேட்டுச்சாடி?" என்றாள் அம்மா. தன் குரல் எவ்வளவு என்று தெரியாமல் மிகவும் சத்தமாகக் கேட்டாள். "எனக்கே சரியாக் கேக்கல."

மிளகு அவள் வலது காதில் வாயை வைத்தாள்.

"கேட்டுச்சும்மா. தெரு முழுக்கக் கேட்டுச்சு."